பாளையங்கோட்டையில் ஒரு பூ ஓவியமும் அதன் நிழலும்

போன வருடம் மகளோடு மூன்று வாரம் நெதர்லாந்தில் இருந்துவிட்டு வந்து, அங்கே அருங்காட்சியகங்களில் பார்த்த பழைய பூ ஓவியங்களைப் பற்றி இந்த வலைப்பூவில் எழுதியிருந்தேன். கோட்டை கொத்தளம் பற்றி எழுதினால் வருகிற கூட்டம் அதற்கு வரவில்லை. ஆனால் ஒருத்தி மட்டும் போனில் கூப்பிட்டாள். எஸ்தர், கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது திருநெல்வேலியில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள்.

"ஏட்டி வசந்தா, கறுப்புக்குள்ள இருந்து பூவெல்லாம் எட்டிப் பாக்கும்னு எழுதிருக்கியே, அது மாரி ஒண்ணு எங்க அம்மா வீட்டுலயும் கெடக்கு. வந்து பாரு. பாத்துட்டு என் தம்பிக்கும் நாலு வார்த்த சொல்லிட்டுப் போ."

நாலு வார்த்தை எதற்கு என்று கேட்டேன். எஸ்தரின் அம்மா சென்ற ஆண்டு இறந்துபோனார். பாளையங்கோட்டை வீட்டில் இப்போது தம்பி செல்வினும் அவன் மனைவி ஷீபாவும் இருக்கிறார்கள். வீட்டைத் தம்பிக்கே எஸ்தர் விட்டுக்கொடுத்துவிட்டாள். அவள் கேட்டது ஹாலில் தொங்கும் அந்த ஒரு படத்தை மட்டும்தான். அதை அவன் தர மறுக்கிறான். காரணமும் சொல்வதில்லை. அக்காவும் தம்பியும் ஒழுங்காக முகம் பார்த்துப் பேசி அரை வருடத்துக்கு மேல் ஆகிறதாம்.

நான் மதுரையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. அடுத்தவர் குடும்பச் சண்டையில் தலையைக் கொடுக்கும் தைரியம் எனக்குக் கிடையாது. ஆனாலும் ஐரோப்பிய முறையில் வரைந்த ஒரு பூ ஓவியம் தாமிரபரணிக் கரையில் தொங்குகிறது என்று கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பொங்கல் கழிந்த வாரக் கடைசியில் ஒரு நாள் விடுப்பும் சேர்த்துக்கொண்டு கிளம்பினேன்.

மதுரையிலிருந்து நெல்லைக்கு ரயிலில் ஏறத்தாழ நூற்றைம்பத்தைந்து கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். பகல் வண்டி என்றால் முன்பதிவில்லாப் பெட்டியே போதும், நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கோவில்பட்டி தாண்டும்வரை கரிசல். மழை முடிந்த நேரமாதலால் அதுவும் பச்சையாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஜங்ஷனில் இறங்கினேன். எஸ்தர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் போனால் பாளையங்கோட்டை வீடு.

வண்டியை நிறுத்தியதும் எஸ்தர், "நான் உள்ள வாரேன். ஆனா அவன்ட்ட பேச மாட்டேன். நீ பேசு," என்றாள். அந்தக் கட்டுப்பாடு ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

படம் ஹாலில் கிழக்குச் சுவரில் தொங்கியது. இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம். துணியில் எண்ணெய் வண்ணம். பள்ளி ஆசிரியராக இருந்த இவர்கள் அப்பா, யாரோ காலி செய்த ஒரு பழைய பங்களாவின் சாமான்களோடு இதை ஏலத்தில் எடுத்து வந்தாராம். வரைந்தது யார், எங்கே, எதற்கும் விவரமில்லை. கையெழுத்தும் இல்லை. பழைய டச்சுப் படம் ஒன்றைப் பார்த்து யாரோ பிற்காலத்தில் தீட்டிய நகலாக இருக்கலாம் என்று தோன்றியது. நல்ல கை.

இந்தப் படங்களைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஒரு கல் மேடை, அதன் மேல் ஒரு குவளை, அதில் ரோஜா, துலிப், பாப்பி என்று ஒரு கொத்து. பின்னால் அநேகமாக ஒரே இருட்டு. வெளிச்சம் பெரும்பாலும் இடப்பக்கம் மேலிருந்து வரும். நடுவில் இருக்கும் வெள்ளைப் பூ அதை முழுதாக வாங்கிக்கொள்ளும். பக்கத்துப் பூக்கள் பாதி வாங்கும். வலப்பக்கம் போகப் போகப் பூக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கும். கடைசி இலைக்கு விளிம்பே இருக்காது. எது இலை, எது இருட்டு என்று தெரியாது. நம் ஊர்க் காலண்டரில் எல்லாப் பூவும் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். இந்தப் படங்களில் சில பூக்களுக்கு நாம் வந்திருப்பதே தெரியாது. எனக்குப் பிடித்தது அதுதான்.

பாளையங்கோட்டைப் படத்தில் இதெல்லாம் இருந்தது. ஆனால் எதுவும் சரியாகத் தெரியவில்லை. படத்துக்கு நேர் மேலே ஒரு டியூப்லைட். வலப்பக்கம் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். எண்ணெய்ப் பூச்சின் மேல் இரண்டும் சேர்ந்து பளபளத்ததில் வலது பாதி முழுக்க ஒரு பழுப்புக் கறையாகக் கிடந்தது. கீழ் வலது மூலையை, அலமாரித் தட்டில் சாய்த்து வைத்திருந்த அம்மாவின் புகைப்படம் மறைத்தது.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. மதுரையில குடுத்துக் கழுவி எடுத்தா பளிச்சுனு ஆயிராதா?" என்றான் செல்வின். மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். எங்களைவிட ஐந்து வயது இளையவன். பெரிய உடம்பு, மெல்லிய குரல்.

"கழுவவா? பாத்திரமாலே அது?" எஸ்தர் பேசிவிட்டாள்.

"நான் டீச்சர்ட்ட கேக்கேன்."

"கீழே இறக்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்," என்றேன். அம்மாவின் புகைப்படத்தை நகர்த்தக் கை நீட்டினேன். செல்வின் சட்டென்று குறுக்கே வந்தான்.

"வேண்டாம் டீச்சர். ஆணி ஆடுது. எடுத்தா சுவரு பேந்துரும். இங்கன நின்னே பாருங்க."

எஸ்தருக்கு முகம் சிவந்துவிட்டது. "பாத்தியா வசந்தா? இப்படித்தான். தொட விடமாட்டான். எவன்ட்டயோ வெல பேசி வச்சிருக்கான் போல."

செல்வின் கடைக்குப் போகணும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். காப்பித் தம்ளரோடு வந்த ஷீபா என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "டீச்சர், நாளைக்கு மணிமுத்தாறு போவமா? நீங்க பாத்ததில்லன்னு மைனி சொன்னாவ. அவ்வோ கார எடுப்பாவ," என்றாள். மைனி என்றது எஸ்தரை, அவ்வோ என்றது செல்வினை. வேறு எதையோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது.

இரவு டவுனில் எஸ்தர் வீட்டில் தங்கினேன். காலையில் வாசலில் கார் வந்து நின்றபோது எஸ்தர், "எனக்குத் துணி தொவைக்கணும். நீ போ," என்று சொல்லிவிட்டாள். நான் முன்னால், ஷீபா பின்னால். மேலப்பாளையம், பத்தமடை, சேரன்மகாதேவி வழி. பாளையங்கோட்டையிலிருந்து மணிமுத்தாறு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பத்தமடையில் டீக்கு நிறுத்தினோம். அப்படியே ஒரு கோரைப்பாயும் வாங்கினேன். பாய் வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் சொல்லி வெளியே வெயிலில் விரித்துப் பாருங்கள். கடைக்குள் எல்லாப் பாயும் ஒரே மாதிரிதான் தெரியும். சேரன்மகாதேவி தாண்டினால் இரண்டு பக்கமும் பிசான நெல், இந்தப் பக்கத்துக் குளிர்காலப் போகம். கதிர் வாங்கும் பருவம். வயல் வழியாக ஒரு கால்வாய் சாலையோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

வழி முழுக்க செல்வின் சாலையைப் பற்றி, டீசல் பம்பு பற்றி, இந்த வருட மழையைப் பற்றிப் பேசினான். படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மணிமுத்தாற்றில் வனத்துறைத் தடுப்புக் கதவு மூடியிருந்தது. "அருவிக்கு விடல சார். மேல மழை, தண்ணி கூட," என்றார் காவலர். திரும்பி அணைக்கே போனோம். வார நாளைப்போல ஆளில்லாமல் கிடந்தது. ஷீபா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். மலையின் நிழல் அணைத் தண்ணீரில் பாதிவரை விழுந்திருந்தது. நாங்கள் உட்கார்ந்த இடத்துக்குக் கீழே நிழல் விழுந்த தண்ணீருக்குள் கற்கள், குச்சிகள், ஒரு சின்ன மீன்கூட்டம்கூடத் தெரிந்தது. வெயில் விழுந்த பக்கம் கண்கூசும் தகடு, அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவே இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க," என்றாள் ஷீபா, என்னிடம் இல்லை, செல்வினிடம். "மைனிட்டதான் சொல்ல மாட்டிய. இவ்வோள்ட்டயாவது சொல்லுங்க."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"அம்மாவுக்குக் கடைசி ஒரு வருசமா கண்ணு ரொம்ப மங்கிட்டு டீச்சர். ஒரு கண்ணு ஆபரேசன் பண்ணியும் சரியா வரல. கட்டில ஹாலுலதான் போட்டிருந்தோம், படத்துக்கு நேரா. அவ்வோளுக்கு அந்தப் படம்னா உசிரு. பூவுக்கெல்லாம் அவ்வோளாவே பேரு வச்சிருப்பாவ. நடுவுல இருக்க வெள்ளப்பூ நந்தியாவட்டை. கோடு போட்டது தாமர மொட்டு. ஒருநா என்னயக் கூப்புட்டு, 'எய்யா, பூவெல்லாம் இருட்டுக்குள்ள போயிட்டய்யா'ன்னாவ."

"நீங்க என்ன நினைச்சீங்க?"

"படந்தான் அழுக்காயிட்டுன்னு நெனச்சேன். எத்தன வருசத்துப் பொக, தூசி! கண்ணுதான் போவுதுன்னு எனக்குத் தோணல. தோணக்கூடாதுன்னு இருந்திச்சோ என்னவோ. மத்தியானம் அவ்வோ தூங்கும்போது பைய எறக்கி, உள் ரூம்புக்குக் கொண்டு போயி, சோப்புத் தண்ணி வச்சி, பாத்திரம் வெளக்குத நாரால கீழ் மூலையில இருந்து தேச்சித் துணியால தொடச்சேன். துணியில பழுப்பா வந்திச்சி. எனக்கு அம்புட்டு சந்தோசம். அழுக்குப் போவுதுன்னு இன்னும் அழுத்தித் தேச்சேன். பொறவு பாத்தா துணியில செவப்பு வருது."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். துணி இன்னும் அங்கே இருக்கிற மாதிரி.

"அங்கன ஒரு ரோசாப்பூ கெடக்கும் டீச்சர். மேடையில விழுந்து கெடக்கும். அதுல பாதி போயிட்டு. நிறுத்திட்டேன். அந்த நேரம் பாத்து அம்மா முழிச்சிட்டாவ. ஹாலுக்கு வந்தேன். என்ன சொல்லன்னு தெரியாம, 'படத்தப் பளிச்சுனு ஆக்கிட்டேம்மா, இப்பம் தெரியுதா?'ன்னு கேட்டேன். அவ்வோ சுவத்தப் பாத்தாவ. 'இப்பம் நல்லாத் தெரியுதய்யா. அந்த நந்தியாவட்டை எப்பிடி வெள்ளையா இருக்கு பாரு'ன்னாவ."

"நல்லதுதானே," என்றேன்.

"படம் சுவத்துலயே இல்ல டீச்சர். உள் ரூம்புல கெடந்திச்சி. வெறும் சுவரப் பாத்துச் சொன்னாவ."

ஷீபா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகனுக்காகச் சொன்னாரா, மனசில் இருந்த படத்தைப் பார்த்துச் சொன்னாரா? அதைக் கேட்க இப்போது ஆளில்லை.

"அக்காட்டக் குடுத்தா மொதல்ல அந்த மூலையத்தான் பாப்பா. என்னலே இதுன்னு கேப்பா. இதையெல்லாம் எப்பிடிச் சொல்ல? மொத்தமா கழுவி எடுத்துட்டா எல்லாம் ஒண்ணு போல ஆயிரும், தெரியாதுன்னு பாத்தேன்."

அதை மட்டும் செய்துவிடாதீர்கள் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். இந்த மாதிரிப் படங்களில் வெளிச்சம் விழும் இடத்தில் வண்ணம் கெட்டியாக இருக்கும். வெள்ளைப் பூவின் இதழைத் தடவினால் மேடு கைக்குத் தெரியும். நிழல் அப்படி இல்லை. தண்ணீர் மாதிரி மெல்லிய பழுப்பை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டே வருவார்கள். ஆகவே தேய்த்தால் முதலில் போவது நிழல்தான். நிழல் போனால் பூ போகாது, ஆனால் பூ இருந்த இடம் போய்விடும்.

"அப்பம் நான் அழுக்கத் தேய்க்கல," என்றான்.

"கொஞ்சம் அழுக்கும் இருந்திருக்கும். மேல் பூச்சும் வயசானால் மஞ்சளாகும். ஆனால் உங்கள் துணியில் வந்தது பெரும்பாலும் நிழல்தான்."

அவன் தலையை ஆட்டினான். திரும்பி வரும் வழியில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக் கொடுத்தான். பம்பு பற்றிப் பேசவில்லை. எஸ்தர் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிடும்போது, "நாளைக்குக் கோயில் முடிஞ்சி அக்காவக் கூட்டிட்டு வாங்க," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் ஆராதனைக்குக் கிளம்பும் முன்பே நான் பூச்சந்தைக்குப் போய்விட்டேன். காலை ஐந்தரைக்குப் போனால் நல்ல பூ. ஏழு மணிக்கு மேல் விலை இறங்கும், பூவும் இறங்கும். எனக்கு வேண்டியது ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று.

"அண்ணாச்சி, நந்தியாவட்டை ஒண்ணு, ரோஜா ரெண்டு, செவ்வந்தி ஒண்ணு, கோழிக்கொண்டை ஒண்ணு."

"ஒண்ணுன்னா கிலோவாம்மா?"

"ஒரு பூ."

அவர் பக்கத்துக் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "என்ன வே, ஒரு பூவத் தராசுல எப்பிடிப் போட?" இருவரும் சிரித்தார்கள். கடைசியில் வாழையிலையில் சுற்றித் தந்து இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு நானும் எஸ்தரும் பாளையங்கோட்டை வீட்டுக்குள் நுழைந்தபோது செல்வின் கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஹாலில் நின்றிருந்தான். "வா அக்கா" என்றான். பிறகு அம்மாவின் புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய இடம். மேடையில் விழுந்து கிடந்த ரோஜாவின் ஒரு பாதி இல்லை. மிச்சப் பாதியின் கீழே நிழலும் இல்லை. ஆகவே பூ கல்லின் மேல் கிடக்கவில்லை, வெட்டி ஒட்டியதுபோல அந்தரத்தில் நின்றது.

எஸ்தர் கிட்டே போய்ப் பார்த்தாள். "யாரு பண்ணுனா?"

"நாந்தான்."

"எப்பம்?"

அவன் சொன்னான். அணைக்கரையில் என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சொல்லி முடித்த பிறகு எஸ்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வெறும் சுவரயா பாத்துச் சொன்னாவ?"

"ஆமாக்கா."

அவள் சோபாவில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அருகில் போனேன். சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள். "அம்மா எப்பவும் அப்படித்தாம்ட்டி. இவன் சின்னப்பிள்ளையில கணக்குல நாப்பது வாங்கிட்டு வருவான். 'எம்புள்ள நல்லா எழுதிருக்கான்'னு சொல்லுவாவ. பேப்பரத் திறந்தே பாக்கமாட்டாவ." பிறகு தம்பியைப் பார்த்து, "ஏலே, நீ இத எவனுக்கோ விக்கப் போறன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டு அலைஞ்சேன். அப்பமாவது சொல்லிருக்கலாம்லா?" என்றாள்.

"விக்கப் போறேன்னு நீ நெனச்சாலும் பரவால்லன்னு இருந்திச்சி," என்றான்.

அடுத்து நான் செய்ததற்கு, நிழலில் அடி தெரிந்து வெயிலில் தெரியாமல் போன அந்த அணைத் தண்ணீர்தான் காரணம். படத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது. ஹாலில் ஜன்னல் வலப்பக்கம். எங்கே வரைந்தவர் நிழலை வைத்தாரோ சரியாக அங்கேதான் இத்தனை வருடமும் தெரு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. செல்வினிடம் படத்தை இறக்கச் சொன்னேன். உள் அறையில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதற்கு வலப்பக்கமாக நாற்காலியில் படத்தை வைத்தோம். பக்கத்தில் ஒரு செம்பில் சந்தைப் பூக்களைச் செருகினேன். கதவைச் சாத்தி விளக்கையெல்லாம் அணைத்தேன்.

செம்புப் பூக்களில் முதலில் பார்க்கச் சொன்னேன். நந்தியாவட்டையின் ஜன்னல் பக்க இதழ் வெள்ளை. மறுபக்க இதழ் வெள்ளையே இல்லை, சாம்பல். ஆனாலும் வெள்ளைப்பூ என்றுதான் தெரிகிறது. ரோஜாவின் நிழல் பக்கம் கிட்டத்தட்டக் கறுப்பு. "இதப் பளிச்சுனு ஆக்க முடியுமா?" என்று கேட்டேன். செல்வின் இல்லை என்று தலையசைத்தான். பிறகு மூவரும் படத்தைப் பார்த்தார்கள்.

கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஹாலில் பழுப்புக் கறையாகக் கிடந்த வலது பாதி மெல்லப் பின்னால் போனது. அதற்குள்ளிருந்து ஒரு தண்டு வளைந்து வந்தது. தண்டின் முனையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு நீலப் பூ. அதன் கீழே, இலையின் அடிப்பக்கத்தில், இறக்கையை மடக்கிய ஒரு விட்டில்.

"ஏலே, இது எப்பம் இருந்து இருக்கு?" என்றாள் எஸ்தர்.

"நானும் இப்பந்தான் பாக்கேன்," என்றான் செல்வின். குனிந்து இன்னும் கிட்டே போனான். "அம்மா இந்த நீலப் பூவுக்குப் பேரு வைக்கலையே."

"அவ்வோளும் பாத்திருக்கமாட்டாவ," என்றாள் ஷீபா.

நல்ல வெளிச்சம் நல்லதை மட்டும் காட்டுமா? தேய்த்த மூலையும் ஹாலில் இருந்ததைவிட மோசமாகத் தெரிந்தது. மற்ற எல்லாப் பூவுக்கும் ஆழம் வந்துவிட்டதால் அந்த ஒரு இடம் மட்டும் தகடாக முன்னால் நின்றது. செல்வின் அதைப் பார்த்தபடியே, "எடுத்துட்டுப் போ அக்கா," என்றான். "இனிமே ஆணி ஆடுதுன்னு சொல்லமாட்டேன்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படத்தைப் போர்வையில் சுற்றினோம். காரில் வைக்கலாம் என்றேன். படுக்கவைத்தால் குலுங்கும் என்று செல்வின் ஒத்துக்கொள்ளவில்லை. எஸ்தரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி, படத்தைத் தன் மடியில் நிறுத்தி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். நான் ஆட்டோவில் பின்தொடர்ந்தேன், நூற்றிருபது ரூபாய். ஆற்றுப் பாலத்தில் மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. எஸ்தர் மிக மெதுவாக ஓட்டினாள். பின்னால் பேருந்து ஒலியெழுப்பியதும் செல்வின் திரும்பி, "பைய வாரும் அண்ணாச்சி, கண்ணாடிச் சாமான்!" என்று கத்தினான். படத்தில் கண்ணாடியே கிடையாது. கீழே தாமிரபரணி பாறைகளைச் சுற்றி நிறைந்து போய்க்கொண்டிருந்தது. குளிக்க வந்தவர்களின் துணிகள் கரையில் விரித்துக் கிடந்தன. அந்தப் பெரிய மனிதன் ஒரு குழந்தையை வைத்திருப்பதுபோல அந்தப் போர்வையை வைத்திருந்ததைப் பார்த்தபோது, இந்தப் பயணத்தில் நான் பார்க்க வந்தது ஓவியம்தானா என்று தோன்றியது.

எஸ்தர் வீட்டில் மூன்று சுவர்களில் வைத்து வைத்துப் பார்த்தோம். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் இடப்பக்கம் ஜன்னல், நேர் வெயில் விழாது. அங்கே நீலப்பூ தெரிந்தது. செல்வின்தான் சுவரைத் துளைத்து மாட்டினான். மாட்டிவிட்டு, "டீச்சர், அந்த மூலைய யாராவது சரி பண்ணமுடியுமா?" என்று என்னைக் கேட்டான். முடியும், படங்களைப் பழுதுபார்க்கவே படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இழந்த இடத்தில் மட்டும் வண்ணம் சேர்த்துக் கண்ணை உறுத்தாமல் செய்வார்கள், நான் தொடமாட்டேன் என்றேன். அவன் உடனே விலாசம் கேட்டான். எஸ்தர், "இப்பம் வேண்டாம்லே, பொறவு பாக்கலாம். காப்பி குடிச்சிட்டுப் போ," என்றாள். அவன் காப்பி குடித்துவிட்டுப் போனான். எனக்குச் சாயங்கால வண்டி.

இதே மாதிரி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நெல்லைக்கு டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆற்றில் தண்ணீர் இருக்கும், வெயில் சாய்வாக விழும். மணிமுத்தாறு அருவி திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் அணைக்குப் போங்கள், காலை ஒன்பது மணிக்குள். சாப்பாடு கையில் எடுத்துப் போவது நல்லது. குப்பையைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் ஒரு பழைய எண்ணெய் வண்ணப் படம் இருந்தால்: சோப்பு, எலுமிச்சை, உருளைக்கிழங்கு, ஈரத்துணி, யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், அது போதும். பிறகு படத்துக்குள் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். பூவின் எந்தக் கன்னம் வெளுத்திருக்கிறது, மேடையில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் ஜன்னலும் அந்தப் பக்கமே வருமாறு மாட்டுங்கள். மேலே டியூப்லைட் வேண்டாம். பார்க்கும்போது அவசரப்படாமல் கண் பழகும்வரை நில்லுங்கள்.

பெரிய அருங்காட்சியகங்களில் இந்தப் படங்களின் முன் நின்றபோது அந்த வெள்ளைப் பூவைத்தான் நான் அதிகம் பார்த்தேன். ஒளியை எப்படிப் பிடித்தார்கள் என்று வியந்து எழுதவும் செய்தேன். இப்போது எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன். ஒரு கொத்தில் எல்லாப் பூவையும் வெளிச்சத்துக்கு இழுத்து வராமல், சிலதை அதன் போக்கில் திரும்பியிருக்க விட்ட பொறுமைதான் பெரிது என்று படுகிறது. அப்படித் திரும்பியிருந்த ஒரு மனிதனை அரை வருடமாகத் திருடன் என்று நினைத்திருந்தாள் என் தோழி. நானும் வெள்ளிக்கிழமை மதியம் பாதி அப்படித்தான் நினைத்தேன்.

போன வாரம் எஸ்தரோடு போனில் பேசினேன். மூலையைச் சரிசெய்ய ஆள் பார்த்தாயா என்றேன். இன்னும் இல்லையாம். அலுவலகத்துத் தோழிகள் சாப்பிட வந்திருந்தார்களாம். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒருத்தி, எல்லாப் பூவும் இவ்வளவு நல்லா இருக்கே, இந்த ஒரு மூலையை மட்டும் யார் இப்படி வரைந்தது என்று கேட்டிருக்கிறாள்.

"நீ என்ன சொன்ன?"

"அது எந்தம்பி வரஞ்சதுன்னேன்."